தகட்டுக் கனம்

துணியோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது அது, மண்ணெண்ணெயில் நனைத்த பழைய வேட்டித் துணியால் அச்சின் முகத்தை ஒரு இழு இழுத்ததும் மீன் செதில்போல ஒரு கீற்று, விரல் அகலம்கூட இல்லை, கறுப்பு எண்ணெய் வழிய உள்ளங்கையில் படிந்து கிடந்தது, என்ன கருமம் இது என்று சென்னியப்பன் பட்டறை வாசலுக்கு வந்து வெயிலில் தூக்கிப் பார்த்தான், பெயிண்ட் டப்பா மூடியிலிருந்து அவனே கத்தரியால் நறுக்கிய தகடு, ஒரு ஓரத்தில் பச்சைப் பெயிண்ட் இன்னும் இருந்தது, டிரில் போட்ட கையோடு குப்பைக்குப் போயிருக்க வேண்டியதல்லவா இது, எப்படி இன்னும் அச்சுக்குள், என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஓடிப்போய் அச்சின் மறு ஓரத்தைத் துடைத்தான், அங்கேயும் ஒரு கீற்று, இரும்போடு இரும்பாக நிறம் மாறிப் படிந்திருந்தது, நகத்தை விட்டு நெம்பினால்தான் வருகிறது, ஐயோ என்றான், யாருக்கும் கேட்காமல், அப்புறம் ஐயோ அக்கா என்றான்.

அந்த அச்சை அவன்தான் செய்தான், வாங்கப்போனால் கிடைக்காததில்லை, கோயம்புத்தூரில் கம்பெனி அச்சும் பிரஸ்ஸும் விற்கத்தான் செய்கிறார்கள், ஆனால் நம்மிடம் லாரி ஜாக்கி இருக்கு, உடைந்த லாரி ஆக்சில் கிடக்கு, இதுக்குப் போய் அவ்வளவு தூரம் எதுக்கு என்கிற திருச்செங்கோட்டு மூளை அவனுக்கும் உண்டு, ஆக்சிலில் இரண்டு கட்டை அறுத்து, முகங்களைச் சமமாகக் கடைந்து, நடுவில் ஒரு மெல்லிய தகட்டை வைத்து இரண்டையும் ஒன்றாக இறுக்கி, சேரும் கோட்டின் மேலேயே ஓட்டை போட்டால் ஆளுக்குப் பாதி வட்டம், அதன்பிறகு தகட்டை எடுத்துவிட வேண்டும், சூட்சுமமே அதில்தான், தகடு போனதும் அந்த வட்டம் தகட்டுக் கனத்துக்குச் சின்னதாகிவிடும், கிணறு வெட்டும் கிரேனின் கம்பி ரோப்பை வளையமாக வளைத்து, நுனியைத் திருப்பி அலுமினியக் குழலுக்குள் விட்டு, குழலை அச்சுக்கு நடுவில் வைத்து ஜாக்கியை அடித்தால், இரண்டு முகமும் டக்கென்று முட்டும்போது அலுமினியம் கம்பியின் புரிக்குள் புகுந்து பிடித்துக்கொள்ளும், பிறகு அதை ஆண்டவனாலும் உருவ முடியாது, முகம் முட்டிவிட்டதா, வேலை முடிந்தது, ஆனால் தகடு உள்ளேயே இருந்தாலும் முட்டத்தான் செய்யும், அதே டக் சத்தம் வரத்தான் செய்யும், பார்க்கிறவன் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது, குழல் மட்டும் ரோப்பைப் பிடித்த மாதிரி நடித்துக்கொண்டிருக்கும்.

எப்போதும் தகட்டை நாக்குபோல வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி வைப்பவன்தான், மறக்கக் கூடாதென்று அவனே கண்டுபிடித்துக்கொண்ட வழி அது, இந்த முறை அந்த நாக்கு புறங்கையைக் கிழித்துவிட்டதென்று கோபத்தில் அரத்தால் வழித்துத் தள்ளினான், வழித்தபோதே நினைத்தான், அப்புறமா எடுத்துக்கலாம், அந்த அப்புறம் வரவே இல்லை, எண்ணெயில் ஒட்டிக் கிடந்த தகட்டின் மேலேயே அச்சைப் பூட்டி, நேற்றுச் சாயங்காலம் மச்சானுடைய புது ரோப்புக்கு வளையம் போட்டான், மச்சான் செங்கோடன், அக்கா பாவாயியின் புருஷன், கிணறு வெட்டும் மேஸ்திரி, அக்காவும் அவரோடு கிணற்றில் இறங்கி வேலை செய்கிறவள்தான், ரோப்பை எடுத்துப் போக இன்று வெள்ளன வந்தவர் வளையத்தை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்துவிட்டு, தாங்குமா மாப்ள என்று கேட்கிறார், உங்களுக்கு எதுக்குங்க மச்சான் சந்தேகம், எங்கக்காளையே தொங்க விட்டாலும் தாங்கும், என்று இவன் சொல்ல, அவ ஒரு ஆளா, மூணு ஆளாச்சே என்று அவர் சிரித்து, இவனும் சிரித்து, அந்தச் சிரிப்பு இப்போது காதுக்குள் கேட்கிறது, சென்னியப்பன் போனை எடுத்து மச்சானைக் கூப்பிட்டான், அடிக்கிறது, அடிக்கிறது, வேப்ப மரத்துக் கிளையில் மாட்டிய சோத்துப் பையில் அது அடிப்பதும், கிரேன் எஞ்சின் இரைச்சலில் ஒருவன் காதிலும் விழாததும் கண்ணுக்கு நேராகத் தெரிகிறது, கிரேன் ஓட்டும் காளியண்ணன் நம்பரை என்றைக்காவது வாங்கி வைத்தோமா, இல்லை, எவன் வாங்கினான்.

டிவிஎஸ் வண்டியை உதைத்தான், பட்டறைக் கதவைச் சாத்தவில்லை, சட்டை போடவில்லை, மச்சான் கிணறு வெட்டும் கரட்டடித் தோட்டத்துக்கு மேட்டு வழியாகப் போனால் கிட்டம், பகலெல்லாம் ரோப்பில் தொங்கும் தொட்டியில் கல்தான் வரும், கல் விழுந்தாலும் ஓரமாக நிற்கிறவர்கள் தப்பலாம், தப்பலாமா, அக்கா ஓரமாக நிற்கிற ஆளா, ஆனால் வேட்டு வைக்கிற நேரத்துக்கு எல்லாரும் மேலே வந்தாக வேண்டும், வேலை தெரிந்த காலத்திலிருந்து அதுதான் வழக்கம், குழியில் வெடிமருந்தைக் கெட்டித்துவிட்டு ஒரே தொட்டியில் எல்லாரும் ஏறி நின்று சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, எடுறோவ் என்று ஒருத்தர் குரல் கொடுக்க, வெயில் சாயும் முன்னே வேட்டு, அந்த நேரம்தான் இப்போது வந்துகொண்டிருக்கிறது, முருகா, மெதுவா மருந்து வெக்கட்டும், யாருக்காவது தண்ணி தாகம் எடுக்கட்டும், மச்சான் ஒரு பீடி பத்த வெக்கட்டும், என்று அவன் வாய் தானாகக் கேட்டுக்கொண்டே போகிறது, மரவள்ளிக் காடுகள் இரண்டு பக்கமும் ஓடுகின்றன, அந்தப் பச்சைக்குள்ளிருந்து, வேண்டாம் என்று நினைக்க நினைக்க, அந்தப் பழைய கிணறு மேலே வருகிறது.

அதுவும் இப்படித்தான் வெயில் சாயும் நேரம், அப்போது அவனும் கிணற்று வேலைக்காரன்தான், கல்யாணம் ஆகவில்லை, தொட்டியில் தனியாக மேலே வருகிறான், பாதி தூரம், சுற்றிலும் ஈரப் பாறை, தலைக்கு மேலே வட்டமாக வானம், அந்த வட்டத்தின் ஓரத்தில் ஒரு கல் பெயர்வதை எவனோ பார்த்துவிட்டு நிறுத்து நிறுத்து என்று கத்துகிறான், பயத்தில் கத்தினான், தப்பில்லை, கிரேன்காரன் பதறிப்போய் பிரேக்கை மிதித்தான், அதுவும் தப்பில்லை, ஓடிக்கொண்டிருந்த ரோப் வெடுக்கென்று நின்ற அந்த ஒரு உலுக்கலில், வளையத்தைப் பிடித்திருந்த கிளாம்ப் நட்டுகள் அதிர்ந்து அதிர்ந்து முன்பே தளர்ந்திருந்தவை வழுக்கிக் கொடுத்தன, தொட்டி காலுக்கடியிலிருந்து போனது, போய்க்கொண்டே இருந்தது, ஒரு பாறை முனையில் சாய்ந்து முட்டி நின்றது, கடைசிக் கிளாம்ப் மட்டும் பிடித்திருந்தது, எத்தனை நேரம் அப்படித் தொங்கினான் என்று அவனுக்குத் தெரியாது, சில ராத்திரிகளில் இன்னும் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறான், பொண்டாட்டிதான் உலுக்கி எழுப்ப வேண்டியிருக்கிறது, ஆனால் கனவில் வராத ஒன்று உண்டு, அக்காவின் குரல், அன்றைக்கு அவள் அடியில் இருந்தாள், தொட்டி விழுந்தால் அவள் தலையில்தான் விழும், ஓரம் போய் ஒண்டியிருக்கலாம், போகவில்லை, நேர் கீழே நின்று அண்ணாந்து பேசிக்கொண்டே இருந்தாள், கீழ பாக்காத தம்பி, மேலயும் பாக்காத, நான் சொல்றதக் கேளு, உனக்குப் பாத்திருக்கற புள்ள உன்னய விட ஒசரமாமாடா, கல்யாணத்தன்னிக்கு நீ பலகை மேல ஏறி நின்னுதான் தாலி கட்டோணும், சிரிப்பு வருதா, வந்தா சிரிச்சுப்போடு, ஆடாம சிரி, என்று மேலேயிருந்து இன்னொரு கயிறு இறங்கி அவன் அக்குளில் முடிச்சு விழும் வரைக்கும் அந்த வாய் ஓயவில்லை.

அன்றைக்கு மேலே வந்தவன் பிறகு எந்தக் கிணற்றிலும் இறங்கவில்லை, பயந்தாங்கொள்ளி என்றார்கள், ஆமாம் பயந்தாங்கொள்ளிதான், லேத்துப் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தான், சொந்தமாகப் பட்டறை போட்டான், லாரிக்காரர்களின் வேலைக்கு நடுவில் இந்த ரோப் வேலையை எடுத்துக்கொண்டதே கிளாம்ப்பின் மேல் இருந்த ஆத்திரத்தினால்தான், நட்டு என்று ஒன்று இருந்தால்தானே தளரும், நட்டே வேண்டாம், இரும்பும் அலுமினியமும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து சாகட்டும் என்று நினைத்தான், பழைய அச்சு விரிசல் விட்டு இந்தப் புது அச்சைச் செய்யும் வரைக்கும் ஒரு வளையமும் உருவியதில்லை, இந்தப் பக்கத்துக் கிணறுகளில் இறங்குகிறவர்கள் சென்னியப்பன் போட்ட வளையமா என்று கேட்டுத்தான் தொட்டியில் காலை வைப்பார்கள் என்று மச்சான் ஒருநாள் சொன்னார், ஏண்டா தகட்ட வழிச்சே, ஏண்டா வழிச்சே, என்று வண்டியின் இரைச்சலே அவனைக் கேட்டுக்கொண்டு வருவதுபோல இருந்தது, மேட்டில் ஏறியதும் தூரத்தில் கிரேன் கை தெரிந்தது, அதன் நுனியிலிருந்து கோடு கிழித்ததுபோல ரோப், அது ஓடவில்லை, நிற்கிறது, நல்லவேளை, நிற்கிறது, என்று அவன் மூச்சு விடும்போதே எஞ்சின் ஒரு உறுமு உறுமியது, ரோப் மேல்நோக்கி ஓட ஆரம்பித்தது.

வண்டியைப் போட்டுவிட்டு ஓடினான், பாறைத்தூள் குவியலில் சறுக்கி விழுந்து எழுந்து ஓடி, கிணற்று விளிம்பில் போய் நின்று எட்டிப் பார்த்தான், உள்ளே வெகு ஆழத்தில் தொட்டி, தொட்டிக்குள் மூன்று தலைகள், மஞ்சள் துண்டு கட்டியது அக்கா, வெறுந்தலை மச்சான், இன்னொன்று கூட வேலை செய்கிற மாராயி, மூன்று பேருடைய பாரமும் அந்த ஒரு குழலில், நிறுத்து என்று கத்த வாயைத் திறந்தான், திறந்த வாய் திறந்தபடியே நின்றது, கத்தினால் காளியண்ணன் பிரேக்கை மிதிப்பான், பதறி மிதிப்பான், அந்த ஒரு உலுக்கல் போதும், ஐயோ கத்தக் கூடாது, கத்தவே கூடாது, ஆனால் தொண்டைக்குள் அது முட்டிக்கொண்டு வருகிறது, தன்னுடைய குரலைத் தானே நம்ப முடியாமல் தோளில் கிடந்த துண்டைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக் கடித்தான், அதற்குள் கிரேன் இருக்கையிலிருந்த காளியண்ணன் அவனைப் பார்த்துவிட்டான், சட்டையில்லாமல் ஓடிவந்து நிற்கிறவனைப் பார்த்து அவன் முகம் மாறுகிறது, என்னாச்சு என்று தலையால் கேட்கிறான், அவன் கால் பிரேக்கின் பக்கம் நகர்கிறது, சென்னியப்பன் துண்டை உருவி எறிந்துவிட்டுச் சிரித்தான், பல்லெல்லாம் தெரியச் சிரித்து, ஒண்ணுமில்ல ஒண்ணுமில்ல, நீ எடு, என்று கையை ஆட்டினான், அப்படி ஒரு சிரிப்பை அவன் அதற்கு முன்பு சிரித்ததில்லை, கால் நடுவில் சூடாக ஏதோ இறங்குவது தெரிந்தது, அதையும் மறைக்காமல் சிரித்துக்கொண்டே நின்றான்.

ரோப் வருகிறது, சுற்றிச் சுற்றி உருளையில் ஏறுகிறது, ஒரே சீராக வா, ஒரே சீராக வா, பாறையில் இடிக்காதே, தொட்டி பாதி தூரம் வந்துவிட்டது, அதே பாதி தூரம், அவனுக்கு அங்கே தான் நிற்பதாகவும் மேலே வட்டத்தில் தன் தலையே எட்டிப் பார்ப்பதாகவும் ஒரு மயக்கம், யார் மேலே யார் கீழே, அப்போது பாவாயி அண்ணாந்து பார்த்துவிட்டாள், டேய் தம்பி, நீ எங்கடா இங்க, என்று ஒரு கையைச் சங்கிலியிலிருந்து எடுத்து ஆட்ட, தொட்டி லேசாகச் சாய்ந்து ஆடியது, ஆடாதே அக்கா, ஆடாதே, ஏதாவது சொல்ல வேண்டும், அவள் அன்றைக்குச் சொன்ன மாதிரி ஏதாவது, சும்மாதான்க்கா வந்தேன், சங்கிலியப் புடிச்சுக்க, உன்ற கையால கஞ்சி குடிக்கலாமுன்னு வந்தேன் என்றான், கஞ்சியெல்லாம் மத்தியானமே தீந்து போச்சு, உன்ற பொண்டாட்டி சோறு போடறதில்லயா, என்று அவள் சொல்வதை மாராயி கேட்டுச் சிரிக்கிறாள், சிரிப்பு கிணறு முழுக்கச் சுற்றுகிறது, குழல் இப்போது அவன் கண்ணுக்கு நேரே வருகிறது, தாண்டி மேலே போகிறது, அவன் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டான், கிரேன் கை திரும்புகிற சத்தம், இரும்பு மண்ணில் உட்காரும் சத்தம், ஒவ்வொருத்தராகக் குதிக்கிற சத்தம், கண்ணைத் திறந்தபோது அக்காவின் கால் தரையில் இருந்தது, பாறைத்தூள் படிந்து வெள்ளையாக, சென்னியப்பன் அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்து ஓவென்று அழுதான்.

என்னடா, என்னடா ஆச்சு, வூட்டுல யாருக்காச்சும் ஏதாச்சுமா, என்று அவள் பதற, அவன் தலைக்கு மேலே தொங்கிய வளையத்தைக் காட்டினான், செங்கோடன் கிட்டப் போய்ப் பார்த்தார், குழலுக்கு வெளியே கட்டைவிரல் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருக்க வேண்டிய ரோப்பின் நுனியைக் காணோம், குழலுக்குள் போயே போய்விட்டிருந்தது, கம்பிப் புரிகள் இழுபட்ட இடத்தில் புதிதாகப் பளபளத்தன, இன்னும் ஒரு நடை, அவ்வளவுதான், காளியண்ணன் இறங்கி வந்து பார்த்துவிட்டு ஒரு கெட்ட வார்த்தை சொன்னான், மாராயி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள், தகடு, அச்சுக்குள்ள தகடு, எடுக்க மறந்துட்டேன் மச்சான், என்று இவன் துண்டு துண்டாகச் சொல்லி முடிக்கும்போது பாவாயி அவன் முதுகில் ஓங்கி ஒரு அறை விட்டாள், அறிவு கெட்ட நாயே என்றாள், அடுத்த நிமிஷம் அதே கையால் அந்த இடத்தைத் தடவினாள், வந்துட்டமில்ல, அழுவாத, உசுரோடதான நிக்கறோம் என்றாள், அந்த வார்த்தையில் அவனுக்கு உடம்பெல்லாம் இளகியது, முடிந்தது, எல்லாம் முடிந்தது, இனிமேல் ஆயுசுக்கும் இந்தப் பாழாய்ப்போன அச்சைத் தொடுவதில்லை, என்று நினைத்துக் கண்ணைத் துடைத்தான்.

செங்கோடன் திட்டவில்லை, குழலை விரலால் தடவிக்கொண்டே நின்றவர் திரும்பி, மெதுவாக, மாப்ள, இந்த அச்சுல வேற யாருக்குப் போட்டுக் குடுத்தே என்று கேட்டார்.

யாருக்கும் இல்லீங்க மச்சான் என்று சொல்ல வாயெடுத்தவன் நின்றான், காலையில், மச்சான் போன கொஞ்ச நேரத்தில், ஒரு ஆள் வந்தாரே, தூரிக்காரர், கோயில் திருவிழா எங்கே நடந்தாலும், நோம்பிக்கு நோம்பி ராட்டினத் தூரி போடுகிறவர், நாற்காலிகளைத் தொங்கவிடுகிற ரோப்பெல்லாம் நைந்துவிட்டதென்று மொத்தமாகப் புது ரோப் வாங்கி வந்து, இன்னிக்கே நோம்பி என்று அவசரப்படுத்தி எல்லா நாற்காலிக்கும் வளையம் போட்டு வாங்கிக்கொண்டு போனாரே, அவர் வண்டி டேங்கின் மேல் ஒரு சின்னப் பெண் குழந்தை உட்கார்ந்திருந்தது, அறுத்துப்போட்ட குழல் துண்டைப் பார்த்து மோதிரம் மோதிரம் என்றது, இவன்தான் அரத்தால் ஓரம் மழுக்கி அதன் விரலில் போட்டுவிட்டான், அது பெரிதாக இருந்து கழன்று கழன்று விழுந்தது, இத்தனை நேரம், தகட்டைப் பார்த்த நொடியிலிருந்து இத்தனை நேரம் அந்தக் குழந்தை ஒருதரம்கூட நினைவுக்கு வரவில்லையே, அக்கா அக்கா என்றுதானே ஓடி வந்தோம், அவன் முகத்தைப் பார்த்தே பாவாயிக்குத் தெரிந்துவிட்டது, யாருடா என்றாள், சொன்னான், எந்த ஊரு நோம்பின்னு கேட்டியா, கேக்கலக்கா, பேராச்சும், கேக்கலக்கா, போன் நம்பரு, இல்லக்கா, எப்பத் தூரி ஆடும்னாச்சும் தெரியுமா என்று அவள் கேட்க, அது அவளுக்கே தெரியும், எல்லாருக்கும் தெரியும், பொழுது இறங்கி லைட்டுப் போட்டதும் ஆடும், குழந்தைகள் அப்போதுதான் வரும், வண்டிய எடு என்றாள் பாவாயி, பாறைத்தூள் உதிர உதிரப் பின்னால் ஏறி உட்கார்ந்தாள், மச்சான் போனை மரத்திலிருந்து எடுத்துத் தெரிந்த ஆட்களையெல்லாம் கூப்பிட ஆரம்பித்தார்.

மேட்டு வழி தார் ரோட்டில் சேரும் இடத்தில் வண்டியை நிறுத்தினான், பங்குனி மாசம், எந்த ஊரில் நோம்பி இல்லை, கிழக்கே ஒரு மைக் செட் பாடுகிறது, மேற்கே இன்னொன்று, காற்று திரும்பினால் தெற்கிலிருந்தும் மேளம் மாதிரி ஏதோ, எந்தப் பக்கம்க்கா என்று கேட்டவனுக்குக் குரல் குழந்தைக் குரலாக இருந்தது, பாவாயி இறங்கி, ரோட்டின் நடுவே போய் நின்று, வந்துகொண்டிருந்த பால் வேனைக் கையைக் காட்டி மறித்தாள், நான் கெழக்க போறேன், நீ மேக்க போ, அங்க இல்லீன்னா அடுத்த ஊருக்குப் போ, அங்கயும் இல்லீன்னா அதுக்கடுத்த ஊருக்குப் போ, என்று வேனில் ஏறிக்கொண்டே சொன்னாள், வேன் புழுதி கிளப்பிப் போனது, சென்னியப்பன் மேற்கே திரும்பினான், வெயில் கண்ணில் அடித்தது, எவ்வளவு தாழ்ந்துவிட்டது, வண்டி முக்கிக்கொண்டு ஓடியது, ஊர் இன்னும் வரவில்லை, பனைமரங்களுக்கு அந்தப் பக்கம்தான் பாட்டுச் சத்தம், அங்கே தூரி இருக்குமா, இருந்தால் அந்தத் தூரிதானா, ஏறாதீங்க, என்றான், தனக்குள்தான் சொன்னதாக நினைத்தான், ஏறாதீங்க, தூரில ஏறாதீங்க, யாரும் ஏறாதீங்க, கிணற்று மேட்டில் துண்டை வைத்து அடைத்த அத்தனையும் இப்போது உடைத்துக்கொண்டு வந்தது, ஆளில்லாத ரோட்டில் தொண்டை கிழியக் கத்திக்கொண்டே போனான், கொழந்தைகள ஏத்தாதீங்க, மரவள்ளிக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.